கிருமி பாடம் நடத்தினேன், ஒரு பையனுக்குக் 'கிருமி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்

முள்ளுக்கத்திரி | ஞாயிறு இரவு 9.14

அணைக்கட்டுப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். போன புதன்கிழமை கிருமிகளைப் பற்றிப் பாடம். கரும்பலகையில் கொம்பு, கோரைப் பல், நீள வால் எல்லாம் வைத்து ஒரு ராட்சசனை வரைந்தேன். "இது கண்ணுக்குத் தெரியாது, அழுக்கா இருக்கிற இடத்துல இருக்கும், வயித்துக்குள்ள போனா பேதியாகும்" என்றேன். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். பாடம் பிரமாதமாகப் போனது என்று எனக்கே ஒரு நினைப்பு.

மறுநாள் காலை உணவுக்கு வரிசையில் நிற்கிறார்கள். எங்கள் வகுப்பில் ஒரு பையனுக்கு வருஷம் முழுக்க மூக்கு ஒழுகும். "கிருமி வரான், கிருமி வரான், தள்ளி நில்லுங்கடா" என்று நாலைந்து பேர் கத்துகிறார்கள். அவன் தட்டு வைத்த இடத்தில் யாரும் தட்டு வைக்கவில்லை. அவன் அழவில்லை. சேமியா உப்புமாவை எடுத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டான்.

திட்டிப் பார்த்தேன். என் எதிரில் நிறுத்திவிட்டார்கள். என் முதுகுக்குப் பின்னால் நடக்கிறது என்று நன்றாகத் தெரிகிறது.

தப்பு என்னுடையதுதான். இதை எப்படித் திருப்பி எடுப்பது? இன்னொன்று, பள்ளியில் 58 பிள்ளைகள், 3 குழாய். கை கழுவு கழுவு என்று சொன்னால் எப்படிக் கழுவுவார்கள் என்பதும் ஒரு கேள்வி.

தறிச்சத்தம் | ஞாயிறு இரவு 9.40

டீச்சர், தப்பா நினைக்காதீங்க. குடியாத்தத்தில் தறிக்குழியில் விழுந்து எழுந்து வளர்ந்தவன் நான். மண்ணில்தான் விளையாடினோம், சிலேட்டை எச்சில் தொட்டுத்தான் அழித்தோம். வசதியான பிள்ளைகள் கோவை இலை கொண்டுவருவார்கள், எங்களுக்கு எச்சில்தான். என்ன ஆகிவிட்டது? இன்றைக்குப் பிள்ளைகளைப் பயமுறுத்திப் பயமுறுத்தி ஒன்றுக்கும் ஆகாதவர்களாக ஆக்குகிறோம். அந்தப் பாடத்தை அப்படியே விட்டுவிடுங்கள், தானாக மறந்துவிடுவார்கள்.

சத்துவாச்சாரி அம்மா | ஞாயிறு இரவு 9.52

மறக்க மாட்டார்கள். என் பெண் படிக்கும் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளைக்குத் தலையில் பேன் என்று வைத்த பெயர் ஐந்தாம் வகுப்பு வரை வந்தது.

ஆனால் கிருமி பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. நான் என் பெண் பையில் சின்ன சானிடைசர் பாட்டில் போட்டு அனுப்புகிறேன். சாப்பிடுவதற்கு முன் இரண்டு சொட்டு. குழாய், தண்ணீர் ஒன்றும் வேண்டாம். உங்கள் பள்ளிக்கும் யாரிடமாவது கேட்டு வாங்கி வைக்கலாமே?

லேப் அக்கா | ஞாயிறு இரவு 10.31

வேலூரில் முப்பது வருஷம் நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சானிடைசர். கையில் மண்ணோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் அது சரியாக வேலை செய்யாது. அதைவிட முக்கியம், பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு கொண்டுவரும் ரோட்டா, நோரோ மாதிரி வைரஸ்களுக்கு மேலே கொழுப்பு உறை கிடையாது. கொரோனா, ஃப்ளூ வைரஸ்களுக்கு உண்டு. ஆல்கஹாலோ சோப்போ பட்டதும் உறை கரைந்து செத்துப்போகும். உறை இல்லாததைக் கொல்லுவது கஷ்டம். தேய்த்துக் கழுவித் தண்ணீரோடு அனுப்புவதுதான் வழி. ஆம்பூர் பிரியாணி சாப்பிட்ட கையை வெறும் தண்ணீரில் கழுவிப் பாருங்கள், பிசுக்கு போகாது. அந்தப் பிசுக்கில்தான் கிருமியும் ஒட்டிக்கொண்டிருக்கும். சோப்பு ஒரு கையால் எண்ணெயையும் இன்னொரு கையால் தண்ணீரையும் பிடித்து இழுத்துக்கொண்டு போகும் ஆள். இதை இரண்டாம் வகுப்புக்கு இப்படியே சொல்லலாம், புரிந்துகொள்வார்கள்.

தறிச்சத்தம் தம்பி, மண்ணில் விளையாடுவது வேறு, மலம் கலந்த மண்ணில் வெறுங்காலோடு நடப்பது வேறு. கொக்கிப்புழு பாதத்துத் தோலைத் துளைத்துத்தான் உள்ளே போகிறது. அந்தக் காலத்தில் ஒன்றும் ஆகவில்லை என்று நாம் சொல்கிறோம், ஆனவர்கள் இங்கே வந்து எழுதப்போவதில்லை.

டீச்சர், உங்கள் ராட்சசன் விஷயத்துக்கு வருகிறேன். கொம்பு வைத்து வரைந்ததில் சிக்கல் இல்லை. 'அழுக்கா இருக்கிற இடத்துல இருக்கும்' என்று சொன்னீர்கள் பாருங்கள், அங்கேதான் தடுக்கிவிட்டது. பிள்ளை உடனே அழுக்காக இருக்கும் ஆளைத் தேடும். யார் சட்டை கசங்கியிருக்கிறது, யாருக்கு மூக்கு ஒழுகுகிறது என்று பார்க்கும். தேய்த்த சட்டை போட்டவன் கையிலும் அதே கிருமி இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கவைக்க வேண்டும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். காட்பாடிக்கு அந்தப் பக்கம் கரிகிரியில் 1955லிருந்து தொழுநோய்க்கு மருத்துவமனை இருக்கிறது. அந்தக் கிருமியை ஹான்சன் கண்டுபிடித்தது 1873இல். அது அவ்வளவு சுலபமாகத் தொற்றாது, மருந்து சாப்பிட ஆரம்பித்ததுமே பரவுவது நின்றுவிடும். ஆனாலும் குணமாகி வீட்டுக்குப் போனவருக்கு ஊரில் டீக்கடையில் தனி டம்ளர். கிருமி போன பிறகும் ஆள்மேல் இருந்த பயம் போகவில்லை. உங்கள் தூணுக்குப் பின்னால் நடந்ததைப் படித்ததும் எனக்கு அந்த டம்ளர்தான் நினைவுக்கு வந்தது.

முள்ளுக்கத்திரி | ஞாயிறு இரவு 10.50

அக்கா, அந்த ஒரு வரியில்தான் தடுக்கிவிட்டது என்று இப்போது புரிகிறது. கண்ணால் எப்படிப் பார்க்கவைப்பது? ரொட்டித் துண்டை அழுக்குக் கையால் தொட்டு டப்பாவில் போட்டுப் பூசணம் பிடிக்கவைக்கலாம் என்று வீடியோவில் பார்த்தேன்.

லேப் அக்கா | ஞாயிறு இரவு 11.05

செய்யலாம். ஆனால் ரொட்டியில் பெரும்பாலும் வளர்வது காற்றில் வந்து விழுந்த பூஞ்சை. சுத்தமான கையால் தொட்டதிலும் வளர்ந்துவிட்டால் உங்கள் பாடம் கவிழ்ந்துவிடும். செய்வதானால் மூடிய கவரைத் திறக்காமலே குப்பைக்குப் போக வேண்டும். மஞ்சள் வைத்து ஒன்று இருக்கிறது. காலையில் எழுதுகிறேன், கண் கட்டுகிறது.

வாலாஜா வாத்தியார் | திங்கள் காலை 6.20

நடைப்பயிற்சி முடித்து வந்து படித்தேன். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். குழாய்க் கணக்குக்கு என்னிடம் பதில் உண்டு.

58 பிள்ளை, 3 குழாய் என்றால் ஒரு குழாய்க்கு 20 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரம் பண்ணி, சோப்புப் போட்டு, தேய்த்து, அலசி முடிக்க ஒரு பிள்ளைக்கு 40 வினாடி. 20 பேருக்கு 800 வினாடி, அதாவது 13 நிமிஷத்துக்கு மேல். பசித்த பிள்ளை அவ்வளவு நேரம் நிற்குமா? விரலை நனைத்துவிட்டு ஓடும். அது பிள்ளை குற்றமில்லை.

நான் செய்தது இது. ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் இரண்டு ஸ்பூன் சோப்புத் தூள் போட்டுக் கலக்கி, மூடியில் ஆணியைச் சுட வைத்து ஓட்டை போட்டேன். வரிசையில் நிற்கும்போதே ஒரு பெரிய பிள்ளை ஒவ்வொரு கையிலும் பீய்ச்சிக்கொண்டே போகும். நிற்கும் நேரம்தான் தேய்க்கும் நேரம். குழாய்க்கு வந்தால் அலசுவது மட்டும், பத்து வினாடி. 20 பேருக்கு 200 வினாடி. நாலு நிமிஷத்தில் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். பீய்ச்சுகிற வேலைக்கு அப்படி ஒரு போட்டி.

கட்டி சோப்பு வைத்தால் தொலையும். சின்ன வெங்காயம் வருகிற நைலான் வலையில் போட்டுக் குழாய்க் கழுத்தில் கட்டுங்கள்.

பேரணாம்பட்டு 92 | திங்கள் காலை 8.15

எல்லோரும் கை கழுவுவதைப் பற்றிப் பேசுகிறீர்கள். வகுப்பறையையும் கழிப்பறையையும் யார் கழுவுகிறார்கள்?

நான் படித்த பள்ளியில் வெள்ளிக்கிழமை மதியம் சுத்தம் செய்யும் நேரம். வகுப்பைப் பெருக்க எல்லோரும் போவோம். கழிப்பறைக்குத் தண்ணீர் தூக்கிப் போக மட்டும் எங்கள் தெருப் பிள்ளைகள் மூன்று பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். வேறு யாரையும் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. கழுவிவிட்டு வகுப்புக்கு வந்தால் பெஞ்சில் இருப்பவன் ஒரு சாண் நகர்ந்து உட்காருவான். அப்போது கிருமி என்ற வார்த்தையைப் பயன்படுத்தவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

டீச்சர், உங்கள் வகுப்பில் அந்தப் பையனை ஒதுக்கியது நீங்கள் வரைந்த ராட்சசன் மட்டும்தானா என்று ஒருமுறை பாருங்கள். எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்று பாருங்கள்.

முள்ளுக்கத்திரி | திங்கள் மதியம் 1.10

மதிய இடைவேளையில் எழுதுகிறேன். நீங்கள் கேட்டது குத்தியது, குத்த வேண்டியதுதான். பார்த்தேன். இந்தப் பையன் விஷயத்தில் அது இல்லை, அவன் அப்பா கரும்பு வெட்டப் போகிறவர், கத்துகிறவர்கள் அதே தெருதான். ஆனால் வகுப்பைப் பெருக்க யாரை அனுப்புகிறேன் என்று யோசித்தபோது வேறு ஒன்று கண்ணில் பட்டது. துடைப்பம் எப்போதும் பெண் பிள்ளைகள் கையில். நான் ஒருநாளும் சொன்னதில்லை, அவர்களாக எடுக்கிறார்கள், நானும் கவனிக்கவில்லை.

வாலாஜா வாத்தியார் | திங்கள் மதியம் 1.45

வருகைப் பதிவேட்டு வரிசைப்படி முறை போடுங்கள். ஐந்து ஐந்து பேர், ஆண், பெண், எந்தத் தெரு என்ற பேச்சே வராது. முதல் வாரம் உங்கள் பெயரும் அதில் இருக்கட்டும். கழிப்பறை வேலைக்குப் பிள்ளைகள் யாரும் போகக் கூடாது, அதில் இரண்டாம் பேச்சு இல்லை. அதற்குத் தூய்மைப் பணியாளர் வர வேண்டும், வராவிட்டால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுதி வைக்க வேண்டும். வாயால் சொன்னால் காற்றோடு போகும், தீர்மான நோட்டில் எழுதினால் நிற்கும்.

சத்துவாச்சாரி அம்மா | திங்கள் மதியம் 2.30

பிள்ளைகள் படிக்க வருகிறார்களா, பெருக்க வருகிறார்களா? என் பெண்ணைப் பெருக்கச் சொன்னால் நான் போய்க் கேட்பேன். தூசி மூக்கில் ஏறி இருமல் வந்தால் யார் பார்ப்பது?

தறிச்சத்தம் | திங்கள் மதியம் 2.48

வீட்டில் துடைப்பம் பிடிக்காத பிள்ளை எங்கேதான் பிடிக்கும், அக்கா?

லேப் அக்கா | திங்கள் மாலை 5.00

பெருக்கட்டும், ஆனால் தூசியைப் பற்றி அவர் சொல்வது சரி. காய்ந்த தரையை விளக்குமாற்றால் தட்டிப் பெருக்கினால் படிந்திருந்தது எல்லாம் எழுந்து மூக்குயரத்துக்கு வரும். நம் பாட்டிகள் வாசலில் தண்ணீர் தெளித்துவிட்டுத்தானே பெருக்கினார்கள்? வகுப்பிலும் அதேதான். பிள்ளைகள் வெளியே போன பிறகு, லேசாகத் தெளித்து, ஜன்னல்களைத் திறந்து வைத்து. ஜன்னல் முக்கியம். காசநோய் தட்டிலோ டம்ளரிலோ பரவாது, காற்றில் பரவும். அடைத்த அறையில் ஃபினாயில் வாசனை வந்தால் சுத்தம் என்று அர்த்தமில்லை.

பிளீச்சிங் பவுடர் மூட்டையைத் திறந்து போட்டு வைத்தால் ஈரம் இழுத்து வீரியம் போய்விடும், பிறகு அது வெறும் வெள்ளைப் பொடி. அதையும் கழிப்பறை ஆசிட்டையும் ஒன்றாக ஊற்றவே கூடாது, குளோரின் வாயு கிளம்பி மூச்சு முட்டும். பணியாளரிடம் யாராவது கட்டாயம் சொல்லுங்கள், அவரிடம் இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சரி, மஞ்சள். சமையல் மஞ்சள் தூள் ஒரு சிட்டிகை, தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு. ஒவ்வொருவரும் இரண்டு கையிலும் பூசிக்கொள்ளட்டும். முதலில் வெறும் தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள், போகாது. அடுத்து கட்டி சோப்பு அல்லது வாத்தியார் சொன்ன சோப்புத் தண்ணீர். சோப்பில் காரம் உண்டு, மஞ்சள் சிவந்துவிடும். மஞ்சளில் சுண்ணாம்பு கலந்து ஆரத்தி கரைப்பது இதே கதைதான். சோப்பு எட்டிய இடம் சிவப்பு, எட்டாத இடம் மஞ்சளாகவே நிற்கும். நகக்கண், விரலிடுக்கு, கட்டைவிரல் பின்பக்கம் எல்லாம் காட்டிக்கொடுத்துவிடும். பம்ப் பாட்டிலில் வரும் திரவ சோப்பு சிலவற்றில் காரம் குறைவு, சிவக்காது, அதை நம்பி இறங்காதீர்கள். வீட்டில் ஒருதரம் செய்து பாருங்கள்.

ஒன்று மட்டும் மறக்காமல் சொல்லுங்கள். மஞ்சள் கிருமி இல்லை, நாம் எங்கே கழுவ மறக்கிறோம் என்று காட்டுகிறது, அவ்வளவுதான். இல்லாவிட்டால் சாம்பாருக்குப் பயப்படுவார்கள்.

தறிச்சத்தம் | திங்கள் மாலை 6.12

இது நன்றாக இருக்கிறது. என் மகனிடம் இன்றைக்கே செய்து பார்க்கிறேன். ஆனாலும் என் கேள்வி நிற்கிறது. எல்லாக் கிருமியும் ராட்சசன்தானா?

லேப் அக்கா | திங்கள் மாலை 6.40

இல்லவே இல்லை, இதில் நான் உங்கள் கட்சி. வேலூர் வெயிலில் ராத்திரி கரைத்து வைத்த இட்லி மாவு காலையில் குண்டானைத் தாண்டி வழிகிறதே, யார் வேலை? உறை ஊற்றிய பால் தயிராவது யாரால்? டீச்சர், ஒருநாள் கரைத்த மாவு ஒரு டம்ளரில் எடுத்துப்போய் மேசையில் வையுங்கள், கோடு போட்டு. மதியத்துக்குள் ஏறியிருக்கும். ராட்சசனோடு சமையல்காரனும் இருக்கிறான் என்று தெரிந்தால் 'கிருமி' என்பது பாதி வசவாகத்தான் இருக்கும்.

கை கழுவினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்றும் சொல்லாதீர்கள். ரோட்டா வைரஸ் நல்ல தண்ணீர், சோப்பு எல்லாம் இருக்கும் வீட்டுக் குழந்தைக்கும் வரும். அதனால்தான் தடுப்பு மருந்தே தேவைப்பட்டது. நம் நாட்டில் உருவான ரோட்டாவாக் சோதனை டெல்லி, புனே, வேலூர் என்று மூன்று இடத்தில், 6,799 கைக்குழந்தைகளிடம் நடந்தது. 2016இல் தேசியத் தடுப்பூசித் திட்டத்துக்குள் ரோட்டா தடுப்பு மருந்து வர ஆரம்பித்தது. 6, 10, 14 வாரத்தில் வாயில் கொடுப்பார்கள். உங்கள் வகுப்புப் பிள்ளைகளிலும் பலர் குடித்திருப்பார்கள். நம் ஊர்த் தாய்மார்கள் தங்கள் பிள்ளையைத் தூக்கி வந்து சோதனைக்குக் கொடுத்ததை இந்த ஊரில் பேச ஆளில்லை, பிரியாணியைத்தான் பேசுகிறோம்.

பேரணாம்பட்டு 92 | திங்கள் இரவு 8.05

இது எனக்குத் தெரியாது அக்கா.

சத்துவாச்சாரி அம்மா | செவ்வாய் காலை 7.30

நேற்று ராத்திரி மஞ்சள் செய்து பார்த்தோம். என் பெண் கை ஏறக்குறைய முழுக்கச் சிவப்பு. என்னுடையதில் இரண்டு கட்டைவிரலும் மஞ்சள், மோதிரத்துக்கு அடியிலும் மஞ்சள். இந்தக் கையால்தான் தினமும் டப்பா கட்டுகிறேன். பெருக்குவது பற்றி நான் சொன்னது சொன்னதுதான். சானிடைசரை மட்டும் பையிலிருந்து எடுத்துவிட்டேன்.

முள்ளுக்கத்திரி | வெள்ளி மாலை 6.55

செய்து முடித்துவிட்டு வந்து எழுதலாம் என்று காத்திருந்தேன்.

புதன்கிழமை முதலில் ஒரு மன்னிப்பு. "போன வாரம் டீச்சர் ஒண்ணு தப்பாச் சொல்லிட்டேன்" என்று ஆரம்பித்தேன். ஒரே அமைதி. டீச்சர் தப்புச் சொல்லலாம் என்பதே அவர்களுக்குப் பெரிய செய்தி. அப்புறம் எல்லோரையும் மரத்தடியில் உட்காரவைத்து மஞ்சள் பூசினோம். நானும் பூசிக்கொண்டேன்.

சோப்புத் தண்ணீர் பீய்ச்சும் வேலையை அந்தப் பையனிடம் கொடுக்கலாமா என்று முந்தின ராத்திரி யோசித்து, வேண்டாம் என்று விட்டேன். அவனைத் தனியாக மேடையேற்றினால் அதுவும் ஒரு அடையாளம் ஆகிவிடும் என்று பட்டது. பதிவேட்டு வரிசையில் முதலில் இருந்தவள் பீய்ச்சினாள்.

கை சிவந்ததும் போட்ட சத்தத்தில் சத்துணவு அம்மா கரண்டியோடு வெளியே வந்துவிட்டார். அப்புறம் ஒவ்வொருவர் கையாகப் பார்த்தோம். கத்தினவர்களில் ஒருவனுக்கு விரலிடுக்கு எல்லாம் மஞ்சள். மூக்கு ஒழுகும் பையனுக்கு நகக்கண் மஞ்சள். எனக்கு இடது கட்டைவிரல் பின்பக்கம் பளீரென்று மஞ்சள். "டீச்சருக்கும் இருக்கு, டீச்சருக்கும் இருக்கு" என்று குதித்தார்கள். இரண்டு நாளாகக் கட்டைவிரலைக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் வகுப்புக்குள் விடுகிறார்கள்.

மூக்கைச் சிந்துவதற்குப் பழைய வேட்டியைக் கிழித்துக் கைக்குட்டை எல்லோருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தேன். அவனை ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டும்படி அவன் பாட்டியிடம் சொல்லியிருக்கிறேன். திங்கள்கிழமை போகிறார்கள்.

பெயர் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். நேற்றுகூட ஒருவன் சொன்னான். ஆனால் பக்கத்தில் இருந்த பெண் "நீயுந்தாண்டா கிருமி, உன் கையைக் காட்டு" என்றாள். சாப்பாட்டுக்கு அவன் தூணுக்கு இந்தப் பக்கம் உட்காருகிறான்.

வாத்தியார் சார், உங்கள் வரிசை முறையில் ஐந்து நிமிஷம் ஆகிறது, போதும். ஆனால் வெங்காய வலை விஷயம் நடக்கவில்லை. கட்டிய மறுநாளே காக்கா வலையைக் கொத்திக் கிழித்து சோப்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. வியாழக்கிழமை வேறு சோப்பு வைத்தேன், அதுவும் போச்சு. புளியமரத்து மேலே இரண்டு சோப்பு இருக்கிறது.

வாலாஜா வாத்தியார் | வெள்ளி இரவு 7.20

எங்கள் பள்ளியில் அணில். பழைய காலுறையில் போட்டு வாயைச் சுருக்கிக் கட்டுங்கள். உள்ளே இருப்பது தெரியாது, மேலேயே தேய்த்தால் நுரை வரும். மாலையில் மறக்காமல் அவிழ்த்து உள்ளே வைத்துவிடுங்கள்.

தறிச்சத்தம் | வெள்ளி இரவு 7.41

காலுறை துவைத்ததா என்று முதலில் பாருங்கள், சார்.